பலகை பங்களாவின் புகை

போன மாதம் பதுளையில் தோட்டத்துக் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற புதிய பிள்ளைக்காம்பரா டீச்சர்மாருக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் யாராவது வந்து நாலு வார்த்தை பேசினால் நல்லது என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா நான்? பேசி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்த இடத்திலும் ஒரு பெண் விடவில்லை.

"அக்கா, எல்லாத் தோட்டத்திலயும் காம்பராவ புதுக் கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. ஒங்க மேல்கணக்குல மட்டும் எப்புடிங்க வெள்ளைக்காரன் கட்டுன பங்களாவுலயே இருக்கு? வாசல்ல அரசாங்க போர்டு வேற போட்ருக்காங்க. ஆணி அடிக்கக்கூட விட மாட்டாங்களாமே?"

பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, "ஆணி அடிக்க விட மாட்டாங்க, ஆனா அடுப்பு எரிக்கச் சொல்லுவாங்களாம். இது என்னாக்கா ஞாயம்?" என்று சிரித்தாள்.

அங்கே சொல்ல நேரம் போதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. மேல் டிவிஷனை நாங்கள் மேல்கணக்கு என்போம். அதன் உச்சியில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்த வீடு. சுவர், தரை, கதவு, மச்சு எல்லாமே பலகை. கூரை மட்டும் தகரம். மண்ணோடு ஒட்டாமல் கருங்கல் தூண்களின் மேல் நிற்கும். முன்னால் இரண்டு பெரிய அறைகள், பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னறையில் ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவுக்குக் கல்லால் கட்டிய ஓர் அடுப்பும் அதற்கு மேல் புகைக்கூண்டும் உண்டு. யார் எதற்காக அதில் குடியிருந்தாலும் சனங்களுக்கு அது எப்போதும் பலகை பங்களாதான்.

காடு வெட்டித் தேயிலை போட்ட காலத்தில், வெட்டிய மரத்தை வீணாக்காமல் சின்னத்துரைக்கு ஒரு வீடு கட்டினார்களாம். அப்புறம் சின்னத்துரைக்குக் கீழே கல் பங்களா கட்டிக் கொடுத்ததும், இது துரைமார் சீட்டு விளையாடுகிற கிளப் ஆனது. முன்னறைச் சுவரில் யார் யாரை எத்தனை தடவை ஜெயித்தார்கள் என்று கத்தியால் கீறி வைத்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் போன பிறகு அதே அறையில் மருந்து கொடுத்தார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுக்கிற மாவு மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் மாவுக்கு வரிசையில் நின்றவர்கள் அதை மாவு பங்களா என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார்கள். மாவு தீர்ந்ததும் அந்தப் பெயரும் தீர்ந்தது. கடைசியாகப் பிள்ளைக்காம்பரா வந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டீச்சராகப் போனேன். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். பதுளையில் கொஞ்ச காலம் பயிற்சி. களிமண்ணில் யானை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் அழுதால் எதை முதலில் தூக்குவது என்று யாரும் சொல்லவில்லை. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேலைதான். கூடவே ஆயாவாக மாரியாயி அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குரல் மட்டும் ஒரு மலை தாண்டிக் கேட்கும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் போட்டுவிட்டுத் தாய்மார் நேரே எங்களிடம் வருவார்கள். பிள்ளையை வாங்கும்போதே நெற்றியிலும் வயிற்றிலும் கை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் பிள்ளை தனி. முன்னறை உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் கட்டியிருக்கும். எந்தத் தொட்டிலில் எந்தப் பிள்ளை என்பது சேலையைப் பார்த்தாலே தெரியும், ஏனென்றால் ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையைத்தான் கொண்டுவந்து கட்டுவாள். பத்து மணிவாக்கில் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடி வருவார்கள். பங்களா மேலே இருந்ததால் மேல்மலைக் கொழுந்துக்காரிகளுக்கு அது எட்டிப் பிடிக்கிற தூரம். கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினால் கூடையில் கொழுந்து குறையாது, கணக்கப்பிள்ளை வாயையும் கேட்க வேண்டாம்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஈரம்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் மலையில் வெயில் என்பதே ஞாபகத்தில்தான் இருக்கும். பனிமூட்டம் சன்னல் வழியாக நுழைந்து நம்மிடம் நலம் விசாரித்துவிட்டு மறு சன்னல் வழியாகப் போகும். கைப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் துணி எப்படிக் காயும்? அதனால் பின்னறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, அடுப்பை மூட்டி, பிள்ளைத்துணிகளை அங்கேதான் காயப்போடுவோம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுதான் விறகு. காலையில் மூட்டினால் சாயங்காலம் கடைசிப் பிள்ளை போகும் வரைக்கும் எரியும். நாங்கள் அடுப்பை அணைத்து நான் பார்த்ததில்லை, அதுவாகவே களைத்துப்போய் அணையும். புகைக்கூண்டு அடைத்துக்கொள்ளும் நாளில் புகை மேலே போகாமல் வீடு முழுக்க உலாத்தும். பின்னறை மச்சும் சுவரும் அட்டக்கரி. முன்னறைகளின் உத்தரமும் அதற்குக் குறைந்ததில்லை.

இந்தப் புகைக்கு ஒரு பரம எதிரி இருந்தார். எங்கள் டிஸ்பென்சர் ஐயா.

சண்முகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்ட ஆஸ்பத்திரியும் பிள்ளைக்காம்பராக்களும் அவர் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை தவறாமல் மேலே ஏறி வருவார். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை, சட்டைப் பையில் மடிப்புக் குலையாத கைலேஞ்சி. அந்தச் சேற்றுப் பாதையில் ஏறி வந்தும் காற்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அதை எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வந்ததும் கைலேஞ்சியை விரலில் சுற்றிச் சன்னல் கட்டையில் ஓர் இழுப்பு. பிறகு அதை விரித்து எங்கள் முகத்துக்கு நேரே பிடிப்பார். அதில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும்.

"பிள்ளை, இது காம்பராவோ, கருவாடு வாட்டுற கொட்டிலோ?"

"மழை ஐயா, துணி காய மாட்டேங்குது..."

"துணி காயும். குழந்தையளின்ரை நெஞ்சும் சேர்ந்து காயும். விளங்குதோ?"

விளங்கத்தான் செய்தது. அவர் சொன்னது சரி. ஆனால் ஈரத்துணியோடு பிள்ளையைத் தொட்டிலில் போட்டால் மட்டும் நெஞ்சு நல்லாயிருக்குமா? இதை மனதுக்குள்தான் கேட்பேன். மாரியாயி அக்கா வாய்விட்டே கேட்பார். ஐயா அவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

பிறகு நிறுவை. உத்தரத்தில் ஒரு வளையத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளையை உட்கார வைப்போம். எந்தப் பிள்ளையும் அந்தத் தூளியில் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஐயாவோ முள் ஆடாமல் நிற்கும் வரைக்கும் எண்ணைச் சொல்ல மாட்டார். "குஞ்சு, ஒருக்கா ஆடாமல் இருங்கோ, ராசா" என்று அந்தக் கைப்பிள்ளையிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பெரியவர்களை 'நீர்' என்பவர், பிள்ளைகளை 'நீங்கள்' என்பார். எத்தனையோ பிள்ளைகள் அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் தங்கள் வேலையைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. புகைக்கு மட்டும்தான் மூக்கின் மேல் கோபம் வரும்.

இப்படிப் பத்து வருடம் போல ஓடிவிட்டது. தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டு, தோட்டத்தை நடத்தப் புதிது புதிதாகத் துரைமார் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவருக்குப் பலகை பங்களா கண்ணில் பட்டது. கெட்டவர் இல்லை. நல்ல சிரித்த முகம். ஆனால் எதைப் பார்த்தாலும் வெளிநாட்டுக்காரன் வந்து தங்குவானா என்றுதான் யோசிப்பார். பழைய பங்களாக்களை அப்படி மாற்றுகிற காலம் அது. கொழும்பில் பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரிகளைக் கூப்பிட்டு இதைப் பாதுகாக்கப்பட்ட வீடு என்று எழுதி வாங்கிவிட்டால் பெயர் கிடைக்கும், ஆளும் வரும் என்று எழுதிப் போட்டார். பிள்ளைக்காம்பராவுக்கு இடம்? கீழே, ஃபெக்டரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கொட்டகை.

"அதிகாரிமார் வந்து உள்ளுக்குப் பாத்தாலே போதும், டீச்சர். இந்தக் கரியப் பாத்ததும் அவங்களே ஒங்கள வெளிய அனுப்பிருவாங்க" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கீழே போனால் மேல்மலைத் தாய்மார் பால் கொடுக்க இறங்கி ஏற முடியாது. போய் வந்தால் அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். ஒன்று வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கைப்பிள்ளையைப் பார்க்க வைக்க வேண்டும். அப்படி நின்ற பெண்பிள்ளைகளோடுதான் நான் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தேன். அவர்கள் இடுப்பில் தம்பி தங்கச்சிகளோடு வேலி ஓரத்தில் நின்று, நாங்கள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செல்வராணி என்று ஒரு கொழுந்துக்காரி. அப்போதுதான் மூன்றாவது பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்தாள். சேதி கேட்டதும் பத்து மணிப் பாலுக்கு வந்தவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மலையில நின்னு பாத்தா இந்தக் கூண்டுல பொக வரும் டீச்சர். பொகையப் பாத்தாத்தான் எனக்கு கையி ஓடும். புள்ள சூடா இருக்கு, டீச்சர் இருக்காங்கன்னு தெரியும். கீழ கொண்டுபோனா நா எதப் பாத்துப் பறிக்கிறது? மூத்தவள நிப்பாட்டணும்ங்க. அவ அஞ்சாங் கிளாஸு. நல்லா படிக்கிறா."

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை ஐயா வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். புகை ஒழிந்தது என்று சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். மனிதர் கைலேஞ்சியை எடுக்கவே இல்லை.

"கீழை அந்தக் கொட்டிலிலை குழந்தையளோ? ஃபெக்டரித் தூசிக்கை? நான் உயிரோடை இருக்கேக்கை நடக்காது" என்றார். பிறகு மச்சை அண்ணாந்து பார்த்தார். "கரிதானே பிரச்சினை? கரியை இல்லாமல் செய்வம்."

தோட்டத்தில் பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் நாங்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சுண்ணாம்பு அடிப்பது. பாதை ஓரத்துக் கல், படிக்கட்டு, மரத்தின் அடி, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக் கட்டு என்று அசையாத எல்லாவற்றுக்கும் அடிப்போம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற மரியாதை. கொழும்பிலிருந்து அதிகாரிகளே வருகிறார்கள் என்றால் சும்மா விடுவோமா? மேல்கணக்கே திரண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் வேலை இல்லை. ஆண்கள் ஏணி வைத்து மச்சுக்கு அடித்தார்கள், பெண்கள் சுவருக்கு அடித்தார்கள். உள்ளே வெளியே என்று பார்க்கவில்லை. சீட்டு விளையாடிய துரைமாரின் கோடுகளுக்கு மேலேயும் அடித்தோம். பூட்டிக் கிடந்த பக்கவாட்டு அறை ஒன்றைத்தான் விட்டோம். அதில் கம்பெனிச் சாமான் இருந்தது, சாவி ஒஃபீஸில். மாரியாயி அக்காவின் ஆடு சுவரில் உரசிக்கொண்டு போய் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகி, இரண்டு நாள் ஊரெல்லாம் சுற்றியது.

ஐயா குடையை மடக்கி வைத்துவிட்டு நடுவில் நின்று, "அங்கை ஒரு மூலை விட்டுப்போச்சு, இங்கை இன்னொருக்கா" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால் பலகை பங்களா புதுக் கோயில் மாதிரிப் பளபளத்தது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னறை அடுப்பைக்கூடக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, அதற்குள் ஒரு பூச்சாடி வைத்தோம்.

அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு பெண்மணி, எங்கள் பேச்சில் நோனா. நடுத்தர வயது, காலில் பூட்ஸ், தோளில் பை. சிங்களவர். ஆனால் பண்டாரவளையில் படித்தவர் என்பதால் தமிழ் பேசினார். வீட்டைப் பார்த்தார். பார்த்தபடியே நாங்கள் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ" என்றார். "யாரு இது செஞ்சது?"

பாராட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஐயா நெஞ்சை நிமிர்த்தி ஓரடி முன்னே வந்தார். "என்ரை மேற்பார்வையிலைதான் செய்தது, அம்மா. உள்ளுக்கும் அடிச்சிருக்கு."

"உள்ளுக்குமா!"

நோனா எழுந்து உள்ளே ஓடினார். பின்னாலேயே துரை, ஐயா, நான், மாரியாயி அக்கா. வாசலில் பாலுக்கு வந்த தாய்மார். நோனா ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் தேங்காய்த் தும்பும் கேட்டார். சுவரில் ஓரிடத்தை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார். சுண்ணாம்பு கரைய, அடியிலிருந்து கரி வெளியே வந்தது.

"அதைத் துடைக்காதேங்கோ, அம்மா!" என்று ஐயா பதறினார். "அது உள்ளுக்கை ஊத்தை!"

நோனா கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, கரி படிந்த பலகையில் முனையை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. இன்னோர் இடம், அங்கேயும் இல்லை. உத்தரத்தில் ஏறிப் பார்த்தார். தரைக்குக் கீழே தவழ்ந்து போய்ப் பார்த்தார். வந்து, பூட்டிய அறையைத் திறக்கச் சொன்னார்.

துரை சாவியைக் கொண்டுவந்திருந்தார். பூட்டுத் திறந்தது, கதவு திறக்கவில்லை. ஊறி உப்பிப் போயிருந்தது. தோள் கொடுத்துத் தள்ளியபோது உள்ளேயிருந்து வந்த பூஞ்சண வாடைக்கு எல்லோரும் பின்வாங்கினோம். அதே வீடு, அதே காட்டு மரம். நோனா கத்தியை வைத்தார். பிட்டுக்குள் போவது போல அது பிடி வரைக்கும் இறங்கியது. சுவரின் ஒரு மூலையைக் கறையான் வழித்துத் தின்றிருந்தது.

நோனா அங்கிருந்து திரும்பிப் பின்னறைக்கு வந்தார். குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்த கயிறுகளை அண்ணாந்து பார்த்தார். பூச்சாடியை எடுத்து வெளியே வைத்தார். அடுப்புக்குள் தலையை விட்டுக் கூண்டைப் பார்த்தார். வெளியே வந்தபோது முன்மயிரிலும் முகத்திலும் கரி.

"இங்க ஒவ்வொரு நாளும் நெருப்பு எரியுதா?"

தொட்டிலில் ஒரு பிள்ளை கால் உதைத்துக்கொண்டிருந்தது. அப்போது ஐயா வாயைத் திறந்தார்.

"இல்லை அம்மா. இஞ்சை ஒருநாளும் நெருப்பு மூட்டுறேல்லை. இது பழைய காலத்து அடுப்பு. சும்மா கிடக்குது."

தராசு முள் நடுங்கினால்கூட எண்ணைச் சொல்லாத மனிதர். எங்களுக்காக, அவர் பத்து வருடமாகத் திட்டித் தீர்த்த அந்தப் புகைக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றார். பொய் பழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் அன்று வந்த பிரியம் இன்றைக்கும் குறையவில்லை.

"பொய் சொல்ல வேணாம் மஹத்தயா" என்றார் நோனா. பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க."

நான் ஐயாவைப் பார்த்தேன். வாசலில் நின்ற செல்வராணியைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நோனாவின் கரி படிந்த முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பே எரியவில்லை என்றால் இத்தனை பிள்ளைகளை இந்த மலையில் ஈரத்துணியோடு வைத்திருந்தேன் என்று ஆகாதா? அந்த நெருப்பை மறுக்க என்னால் முடியவில்லை.

"எரியுதுங்க. ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் எரியுது. புள்ளைங்க துணி காய வேற வழி இல்லைங்க. அனுப்புறதுன்னா அனுப்பிருங்க, ஆனா எரியுது."

துரை பார்த்தீர்களா என்பது போலக் கையை விரித்தார். நோனா சிரித்தார். அடுப்பு மேடையில் உட்கார்ந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். இந்த மலையில் பலகை வீடு நிற்பதே அதிசயம். ஈரம் குடித்துக் குடித்து உளுத்துவிடும். பதுளைப் பக்கத்தில் அவர் பார்த்த பலகை வீடுகள் அப்படித்தான் போயினவாம். இங்கே தினமும் நெருப்பு எரிந்து மரத்தைக் காயவைத்திருக்கிறது. புகை ஏறின இடத்தில் கறையான் வாய் வைக்கவில்லை. பூட்டி வைத்த அறையில் நெருப்பும் இல்லை, அதனால் அறையும் இல்லை.

"இந்த வீட்ட காப்பாத்தினது வெள்ளைக்காரனும் இல்ல, கம்பெனியும் இல்ல. புள்ளைங்க நனைச்ச துணிதான்."

மாரியாயி அக்கா சிரித்த சிரிப்பில் தொட்டில்கள் எல்லாம் விழித்துக்கொண்டன. நனைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

துரை லேசில் விடவில்லை. "நாங்களும் நெருப்பு மூட்டுவோம் மேடம். டூரிஸ்டுக்கு நெருப்பு ரொம்பப் பிடிக்கும்."

"ஐப்பசி கார்த்திகை மழையில டூரிஸ்ட் வர்றாங்களா?"

துரை யோசித்தார். "அந்த நேரத்துல பூட்டி வெச்சிருவோம்."

"அந்த அறைய பூட்டி வெச்ச மாதிரியா?"

துரை கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பலகை பங்களா பாதுகாக்கப்பட்ட கட்டடம். பிள்ளைக்காம்பரா அங்கேயே இருக்கலாம். பின்னறையில் அடுப்பு தினமும் எரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. சுண்ணாம்பை யாரும் சுரண்டக் கூடாது, தண்ணீரும் தும்பும் வைத்துக் கையால்தான் கழுவ வேண்டும். அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது, கழுவ எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்று யாரும் எண்ணவில்லை. முன்பு சுண்ணாம்பு அடித்த அதே சனம்தான் வந்து கழுவியது. ஐயாவும் வந்தார். "அங்கை ஒரு மூலை விட்டுப்போச்சு" என்று அதே இடங்களைக் காட்டினார். இந்தத் தடவை அவர் தேடியது வெள்ளையை அல்ல, கரியை.

ஆனால் மனிதர் முழுக்கத் தோற்கவும் இல்லை. புகை முன்னறைக்கு வரக் கூடாது, நடுக்கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும், கூண்டை மாதா மாதம் துடைக்க வேண்டும் என்று நோனாவிடம் பேசி அதையும் சேர்க்க வைத்தார். பிள்ளைகளின் இருமல் அதோடு நன்றாகவே குறைந்தது. பூட்டிக் கிடந்த அறையைக் கம்பெனி செலவில் திருத்தி, தாய்மார் உட்கார்ந்து பால் கொடுக்கிற அறையாக்கினார்கள். துரைமார் சீட்டாடிய வீட்டில் கொழுந்துக்காரிகளுக்கு ஒரு தனி அறை. செல்வராணி முதல் நாள் அங்கே சாய்மானத்தில் உட்கார்ந்து, "ஐயே, தூக்கம் வருது டீச்சர், எழுப்பி விட்ருங்க" என்றாள். அவளுடைய மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கவில்லை. இன்றைக்கு அவள் பண்டாரவளையில் ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு நடக்கிறாள்.

ஐயாவின் செவ்வாய்க்கிழமைகள் மட்டும் தலைகீழாகிவிட்டன. குடையை மடக்குவார், விரலில் கைலேஞ்சியைச் சுற்றுவார், பின்னறைக்குப் போய் உத்தரத்தில் ஓர் இழுப்பு இழுத்து விரித்துக் காட்டுவார். கோடு கறுப்பாக இருந்தால் திருப்தி. மங்கலாக இருந்தால் எனக்கு ஏச்சு.

"என்ன பிள்ளை, அடுப்பு ஒழுங்கா எரியிறேல்லையோ? அரசாங்கக் கட்டடமெல்லோ இது?"

"ஐயா, நீங்கதான் பத்து வருசமா கருவாட்டுக் கொட்டில்னு சொன்னீங்க."

"அது அப்ப" என்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த காலத்தில் ஐயா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். போகிற அன்று மேலே வந்து தொட்டில் தொட்டிலாகப் பார்த்துவிட்டு, பின்னறை அடுப்படிக்குப் போனார். வெளியே வந்தபோது வெள்ளைக் காற்சட்டையின் முழங்காலில் கரி இருந்தது. நான் பார்த்ததிலேயே முதல் தடவை. அவர் அதைத் துடைக்காமலே இறங்கிப் போனார்.

எனக்கும் வேலை முடிந்து இப்போது நாளாகிவிட்டது. கீழ்கணக்கில் என் வீட்டுச் சன்னலைத் திறந்தால், மேலே மலை உச்சியில் பலகை பங்களாவின் கூண்டு தெரியும். ஐயாவுக்கு வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் எப்போதாவது யாழ்ப்பாணத்திலிருந்து ஃபோன் எடுப்பார். அவருடைய மகள்தான் நம்பரை அமுக்கிக் கொடுப்பாள். நல்லாயிருக்கிறீரா, உடம்பு எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"பிள்ளை, புகை வருதோ?"

மழை நாளானாலும் பனிமூட்டமானாலும் நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை. அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, சன்னலைத் திறந்து, பார்த்த பிறகுதான் சொல்லுவேன்.

"வருதுங்க ஐயா."